ரெட்டுக்கு ஃபாலோ

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது இது. அப்போது நான் மும்பையில் ஒரு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்தில் இருந்தேன். வளரக்கூடிய கம்பெனியாகப் பார்த்துப் பங்கு வாங்கி, சில வருஷம் கூடவே இருந்து வளர்த்து, நல்ல விலைக்கு விற்கிற தொழில். நிதானமான வேலை. எனக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம். தினமும் சந்தையில் வாங்கி விற்கிற, விலை இறங்கினாலும் சம்பாதிக்கிற ஹெட்ஜ் ஃபண்டுக்குப் போக வேண்டும் என்று ஒரே வெறி.

இரண்டு ஃபண்டில் கேட்டுப் பார்த்தேன். உங்களுக்குக் காத்திருக்கத்தான் தெரியும், சந்தைக்குச் சரிப்பட மாட்டீர்கள் என்று நாகரிகமாக வழியனுப்பினார்கள். இதற்கிடையில் இருந்த ஆபீஸிலேயே பதவி உயர்வு வந்தது. மூன்று வருஷம் விலக மாட்டேன் என்று திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது ஃபண்டின் கடைசி நேர்காணல் அந்தச் சனிக்கிழமை. அதுவும் போனால் ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான். சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்ததால் வீடியோவில்தான் பேச வேண்டும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "இருக்குறத வுட்டுட்டு பறக்குறத புடிக்கப் போறியா? இப்போ இன்னா கொறச்சல்?" என்று கேட்டபடியே ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

ஜன்னலை மூடினால் வெந்துபோவோம், திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். போதாததற்குக் கீழே, தெருவிலேயே பலகை போட்டு ஆடும் எங்கள் கேரம் கிளப். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற அப்பா, லீவு நாளில் அங்கேதான் இருப்பார். வருவது வரட்டும் என்று திறந்தே வைத்தேன்.

திரையில் ஃபண்டின் தலைவி. மருந்துக்கும் சிரிப்பில்லை. ஒரு சிமென்ட் கம்பெனியின் பங்கை ஏன் வாங்க வேண்டும் என்று பொளந்து கட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: ஐந்து வருஷத்தில் ஏறும், சரி, அடுத்த மாதமே விழுந்தால்? நான் மறுபடி அந்த ஐந்து வருஷக் கணக்கையே புரட்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அப்பாவின் தோஸ்து ஒருவர், எதிரே ஆடுகிறவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"ரெட்ட போட்டுட்டு இன்னாத்துக்கு மாமு துள்ற? ஃபாலோவ உன் மாமனாரா வந்து போடுவாரு?"

என்னை அறியாமல், "என் ரெட்டுக்கு ஃபாலோ இல்லை மேடம்" என்று இங்கிலீஷில் உளறிவிட்டேன். யாரை ஃபாலோ பண்ணுவது என்று அவர் விழித்தார். மழுப்பியிருக்கலாம். ஆனால் கேரம் விஷயத்தில் எனக்கு மழுப்ப வராது. பள்ளிக்கூட நாளிலேயே அந்தக் கிளப்பில் ஆம்பிளைகளை அழவிட்டவள் நான். லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பி ஆட்டத்தைக் காட்டினேன். ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டால் மட்டும் புள்ளி கிடையாது, அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. தவறினால் சிவப்பு மறுபடி பலகை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஃபாலோவுக்குக் காய் பார்த்து வைக்காமல் எங்கள் ஆட்கள் சிவப்பைத் தொடவே மாட்டார்கள் என்றேன்.

சொல்லச் சொல்ல எனக்கே வழி தெரிந்தது. இந்தப் பங்கை வாங்கும்போதே, அதே தொழிலில் நொண்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கம்பெனியின் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுவேன். மொத்தத் தொழிலும் சரிந்தால் இது விட்டதை அது கொடுக்கும் என்றேன். எந்தக் கம்பெனி, ஏன் என்று அவர் விடாமல் கேட்டார். நானும் விடாமல் சொன்னேன்.

கடைசியில் அவர் முதல்முறையாகச் சிரித்து, கீழே அந்த ஆள் ஃபாலோ போட்டாரா என்று விசாரித்தார். எட்டிப் பார்த்தேன். சிவப்பு நடுவில் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே வேலை உறுதியானது. அப்பா கிளப் முழுக்க டீ சொன்னார். அம்மா மட்டும், "அங்க போயாவது நேரத்துக்குத் துன்னு" என்றாள்.

இப்போது எங்கள் காலைக் கூட்டத்தில் யார் எந்தப் பங்கைச் சொன்னாலும், வெளிநாட்டில் படித்தவர்கள்கூட, "ஃபாலோ எங்கே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் திருவொற்றியூர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பேச்சின் ஒரு வார்த்தை இல்லாமல் அங்கே எந்த முடிவும் எடுப்பதில்லை என்பதில் எனக்கு இருக்கும் கர்வம், அந்த வேலை கிடைத்ததில்கூட இல்லை.