சாம்பிள் மாத்திரைகள்

லேபில் என் அத்தைக்குக் 'கொசு' என்று பெயர். மறைவாக வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். "கொசு அக்கா, உள்ளே ஒரு பெரியவர், வெயினே சிக்கல, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்" என்று யாராவது எட்டிப் பார்த்தால், அத்தை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவாள். ரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

நான் ஏழெட்டு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு முதுகுப்பையோடு திரும்பி வந்தபோது, "கல்யாணம் எப்போ, வேலை எப்போ" என்று கேட்காமல் கதவைத் திறந்தது அத்தை மட்டும்தான். "வா ஊர்சுத்தி, சாப்பிட்டியா?" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. அன்றிலிருந்து அவள் வீட்டு முன்னறை சோபாதான் என் படுக்கை.

வேலை இல்லாததால் சில நாள் அவளோடு லேபுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். அவள் ரத்தம் எடுப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, கையைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். இடது ஆள்காட்டி விரல் மட்டும் தோல்மேல் நகரும். ஓர் இடத்தில் நிற்கும். பிறகு ஊசி. நோயாளி பயந்து மூச்சை இழுப்பதற்குள் குப்பி நிறைந்துவிடும்.

"எப்படி அத்தை தெரியுது?"

"தண்ணி ஊத்தின பலூனைத் தொட்டிருக்கியா? ரத்தக் குழாய் அப்படித் துள்ளும். பக்கத்துல இருக்கிற தசைநார் கயிறு மாதிரி விறைப்பா இருக்கும். கண்ணு ஏமாத்தும்டி, விரல் ஏமாத்தாது."

லேபின் மாடியில் டாக்டர்கள் உட்காரும் அறைகள். அவர்களைப் பார்க்க வரும் மருந்துக் கம்பெனி ரெப்புகள், போகிற போக்கில் கீழேயும் ஒரு கை சாம்பிள் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாம் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் விழும். டீ குடிக்கிற நேரத்தில் கடலை கொறிப்பது போல ஆளுக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அத்தைக்கு நாற்பத்தைந்தில் முழங்கால் வலியும் முடி உதிர்வும் அசதியும் சேர்ந்து வந்தன. அப்போது ஆரம்பித்தது. முடிக்கு ஒன்று, அசதிக்கு ஒன்று, 'நடுத்தர வயதுப் பெண்களுக்கு' என்று சிரிக்கிற பெண் படம் போட்ட ஒன்று. காசு கொடுத்து வாங்கியிருந்தால் யோசித்திருப்பாள். சும்மா வந்தது, சும்மா போட்டுக்கொண்டாள்.

"வைட்டமின்தானே, என்ன பண்ணிடும்? உடம்புக்கு வேணுங்கறதை எடுத்துக்கும், மிச்சம் யூரின்ல போயிடும்" என்பாள்.

"அப்படின்னா இந்தத் தெருவிலேயே சத்தான சாக்கடை நம்ம வீட்டுதுதான்" என்பார் மாமா. லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் சிரிக்காமல் ஜோக் அடிப்பார். "உங்க அத்தையைக் கட்டிப்பிடிச்சா கலகலன்னு மாத்திரை சத்தம் கேட்குதும்மா."

நான் வந்த சில மாதங்களில் ஒரு நாள், லேபிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தையின் ஒரு கால் செருப்பு நடுத்தெருவில் கழன்று கிடந்தது. அவள் அது தெரியாமலே பத்தடி போய்விட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னாள். பாதத்தில் கொஞ்ச நாளாக எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். இப்போது விரல்களிலும்.

"எந்த விரல்?"

அவள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மரமரப்புக்கு அவள் கண்ட வைத்தியம், பிஸ்கட் டின்னிலிருந்து 'நரம்புச் சத்து' என்று எழுதிய பட்டை ஒன்றைக் கூடுதலாக எடுத்ததுதான். சரியாகவில்லை என்றதும் இரண்டு. வேலையில் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. குழாய் புடைத்துத் தெரிகிற வாலிபர்களைத் தான் கூப்பிட்டுக்கொண்டு, கஷ்டமான கைகளைப் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள். முன்பு சுவரைப் பார்த்தவள், இப்போது தலையைக் குனிந்து தோலையே உற்றுப் பார்த்தாள்.

அதுவும் ரொம்ப நாள் ஓடவில்லை. நீண்ட சிகிச்சையில் இருக்கும் ஒரு அம்மா வந்தார். கையெல்லாம் ஊசி பட்டு நீலம் பாரித்திருந்தது. "நீ எடுத்தாத்தான்மா எனக்கு வலிக்காது" என்று அத்தையின் முன்னால்தான் உட்கார்ந்தார். மூன்று முறை குத்தியும் ரத்தம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பரவாயில்லம்மா, பரவாயில்லம்மான்னு அவங்க எனக்கு ஆறுதல் சொல்றாங்கடி. குத்தினது நான். ஆறுதல் சொல்றது அவங்க."

லேப் இன்சார்ஜ் நல்ல மனிதர்தான். கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாராம்: டாக்டரைப் பாருங்கள், ஒரு மாசம் பார்க்கலாம், சரியாகவில்லை என்றால் நாற்காலி வேண்டாம், கவுன்டருக்கு வந்துவிடுங்கள். "கவுன்டர்னா என்ன தெரியுமா? பேரு கேட்டு டைப் அடிச்சு ரசீது கொடுக்கிறது. அதுக்கு நான் எதுக்கு?" என்றாள் அத்தை.

மாடியில் இருக்கும் நரம்பு டாக்டர், சாப்பிடுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அத்தை மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தார்.

"பேருதான் வேற வேற. எல்லாத்துலயும் வைட்டமின் பி6 இருக்கு."

"அது நரம்புக்கு நல்லதுதானே டாக்டர்?"

"அளவா இருந்தா நல்லது. இவ்வளவும் சேர்ந்து வருஷக்கணக்குல போனா, அதே நரம்பைத்தான் அடிக்கும்."

"மிச்சம் யூரின்ல…"

"எல்லாம் போயிடாதும்மா. கடைசியா உங்க ரத்தத்தை எப்போ டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க?"

"என்னோடதா?" என்றாள் அத்தை.

பக்கத்து நாற்காலிப் பெண் அத்தைக்கு ரத்தம் எடுத்தாள். ஒரே குத்தில். ரிசல்ட்டில் எந்தக் குறைவும் இல்லை. பி6 மட்டும் எல்லையைத் தாண்டி எங்கோ இருந்தது.

"அப்போ என் அசதி எதனால டாக்டர்?"

"எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க?"

"நாலு. ஆறு மணிக்கு லேப் திறக்கணும். வந்து சமைக்கணும். படுக்க பன்னெண்டாகும்."

"தூங்குங்கம்மா. உங்களுக்கு வேண்டியது அதுதான்."

"அதுக்கு சாம்பிள் யாரும் கொண்டுவர்றதில்லையே டாக்டர்" என்றாள் அத்தை. டாக்டர் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தினாலும் சில வாரம் இன்னும் மோசமாகத்தான் போகும், பயப்படக்கூடாது, பெரும்பாலும் குறையும், முழுசாகக் குறையுமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். நானும் பக்கத்திலிருந்து கேட்டேன். ஆனால் அறையில் கேட்டுத் தலையாட்டுவது வேறு. தன் உடம்பில் நடக்கும்போது பொறுப்பது வேறு.

காலையில் கிளம்பும் முன் அத்தை என்னை எழுப்புவாள். "கையைக் காட்டு." ரப்பர் பட்டையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். முதலில் சரியாகத்தான் காட்டினாள். எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமே, விரல் தேவையில்லை. அது அவளுக்கே உறைத்தபிறகு, கையைத் திருப்பித் திருப்பி வைக்கச் சொன்னாள். ஒரு நாள் தசைநாரின் மேல் விரலை அழுத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"இது கயிறா, குழாயாடி?"

என் கையில் குழாய் பச்சையாகத் தெரிந்தது, இரண்டு விரற்கடை தள்ளி. "கயிறு அத்தை" என்றேன். பட்டையை அவிழ்க்க அவளால் முடியவில்லை. நானே அவிழ்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவள் ஒரு மாத்திரைப் பட்டையை எடுப்பதை மாமாவும் நானும் ஒன்றாகப் பார்த்தோம்.

"விட்டதுக்கப்புறம்தாங்க ரொம்ப மோசமாச்சு. அப்போ இவ்வளவு நாளா இதுதானே தாங்கிட்டு இருந்திருக்கு?"

"டாக்டர் சொன்னாங்கல்ல? மொதல்ல அப்படித்தான் இருக்கும்னு?"

"சொன்னாங்க. போறது அவங்க விரலா?"

மாமா ஜோக் எதுவும் அடிக்கவில்லை. பட்டையை வாங்கி ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தார். மாத்திரைகள் மஞ்சளாகக் கரைந்து ஓடின. அத்தை தடுக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் கையை நீட்டி, "சுடுதா, குளிருதா, எனக்கு எதுவும் தெரியலைங்க" என்றாள்.

மாசக் கடைசியில் கவுன்டருக்குப் போனாள். முதல் நாள் நானும் கூடப் போனேன். அன்றைக்கும் ஒரு ரெப் வந்து டின்னில் ஒரு கை போட்டுவிட்டுப் போனான். அத்தையின் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண் ஒன்றைக் கிள்ளி எடுத்தாள்.

"வேண்டாம்டி. மொதல்ல டெஸ்ட் பண்ணு, குறைஞ்சிருந்தா சாப்பிடு."

"ஒண்ணுதானேக்கா."

"நானும் ஒண்ணு ஒண்ணாத்தான்டி சாப்பிட்டேன்."

"உங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சிரித்துவிட்டு, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து உள்ளே போனாள்.

வரிசை வாசல்வரை நின்றது. அத்தை பெயரைக் கேட்டுக் கேட்டு அடித்தாள். விசையில் விரல் பட்டதா, எடுத்தாயிற்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுத்துகள் இரண்டும் மூன்றுமாக விழுந்தன. ஒருவர் ரசீதைத் திருப்பி நீட்டினார்.

"என்னம்மா இது, என் பேரு இவ்வளவு நீளமா?"

"மன்னிச்சிடுங்க சார். மாத்திக் கொடுத்துடுறேன்."

மறுபடி அடித்தாள். இந்த முறை விசைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு எழுத்தாக. வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்சார்ஜ் நின்று, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.