மலைப்பாதையில் அணைத்த நெருப்பு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு கார்த்திகை மாதம். நானும் என் மனைவியும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்பதால் அப்போது பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் கரியை மூட்டி, வருகிற வாயுவைக் கொண்டு என்ஜினை ஓட்டுவார்கள். சமவெளியில் எப்படியோ ஓடிவிடும். மலை ஏறும்போதுதான் அதற்கு மூச்சு முட்டும்.

நாங்கள் மலைக்குப் போனதும் மூச்சுக்காகத்தான். எங்கள் வீட்டில் நான்கு தறிகள். பஞ்சுத் தூசி என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாமல், கல்யாணமான முதல் வருஷமே இரைப்பு வந்துவிட்டது. ஒரு மாதம் மலைக்காற்றில் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

எதையும் எண்ணுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். பஸ்ஸில் எங்களையும் சேர்த்து இருபத்தாறு பேர். அவர்களில் ஒருவர் மோகனூர் வெற்றிலை வியாபாரி. ஈரச் சாக்கு போர்த்திய தன் கூடைகளை என் பக்கமே தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீர் என் வேட்டியில் சொட்டியது. வாய்க்குள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்த நான் எரிச்சலில் முணுமுணுத்தேன்.

"ஏனுங்க தம்பி, வளைவையெல்லாம் எண்ணிக்கிட்டு வாரீங்களாட்ட இருக்குது? எண்ணுங்க, எண்ணுங்க. ஒண்ணு கொறஞ்சா டிக்கெட் காசத் திருப்பிக் கேக்கலாம்" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. என் மனைவியும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாதி மலைக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டது. வளைவு எது, நேர்ப்பாதை எது என்றே தெரியவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன். அவள் கட்டுச்சோற்று மூட்டையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். காகிதம் நனைந்து கசிந்திருந்தது. "பாத்தீங்களா, நம்மூரு உப்பு மலையேறுனதும் அழுவுதுங்க" என்றாள்.

அடுத்த ஏற்றத்தில் பஸ் நின்றுபோயிற்று. கரியும் நமுத்திருந்தது. கண்டக்டர் உலையைக் கிளறக் கிளற வெண்புகைதான் வந்தது. எல்லோரும் இறங்கினோம். குளிர் தாங்காமல் சிலர் சருகைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஈரச் சருகு எரியாமல் புகைந்தது. அந்தப் புகை மேலே போகவே இல்லை. காற்றில் இருக்கும் தூசியைப் பற்றிக்கொண்டுதான் பனித்துளி உண்டாகிறது என்று பள்ளியில் படித்திருந்தேன். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். உப்பைப் போலவே புகையும் ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பருத்து எங்களைச் சூழ்ந்து நின்றது. பத்தடி தள்ளி நின்ற பஸ்ஸே மறைந்துவிட்டது.

அதற்குள் அவளுக்கு இரைப்பு தொடங்கிவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்தது. நான் அவள் மூச்சை எண்ணினேன். எண்ண எண்ணப் பயம்தான் கூடியது.

நெருப்பை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "அப்ப நாங்கெல்லாம் வெறச்சுச் சாவறதுங்களா?" என்றார் ஒருவர். டிரைவரோ உலையைத் தொடவே விடவில்லை. "இத அணைச்சா மறுக்கா கேஸ் புடிக்க ஒரு மணி நேரமாகுமுங்க. எல்லாரும் ஏறுங்க. வண்டியக் கொஞ்சம் பின்னால உருட்டி ஒரே தம்முல ஏத்திப்போடறேன்."

வெற்றிலை வியாபாரி குனிந்து என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் ஏறி, கூடைகளின் மேலிருந்த ஈரச் சாக்குகளை உருவி வந்து நெருப்பின் மேல் போட்டு மிதித்தார்.

"அட, வெத்தலை வாடிப்போயிருமுங்க!" என்று யாரோ கத்தினார்.

"இந்தப் பனியில வெத்தலைக்கு நான் எதுக்குங்க ஈரம் குடுக்கோணும்? அதுவே குடிச்சுக்கும். இந்த அம்மணிதான் பாவம், மூச்சுக்குத் தவிக்குது" என்றவர், கடைசிச் சாக்கை டிரைவரிடம் நீட்டினார். "அதையும் மூடு சாமி. பஸ்ஸு நாளைக்கும் ஓடும்."

டிரைவர் சாக்கை வாங்கிக்கொண்டார். பிறகு உலையின் காற்றுவாயை அடைத்தார். ஒருவர் பற்றவைத்த பீடியைத் தரையில் தேய்த்தார். இன்னொருவர் தன் கம்பளியை அவள் மேல் போர்த்தினார். அத்தனை பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு, நடுங்கியபடி சும்மா நின்றார்கள்.

மெல்லப் புகை கலைந்தது. மூடுபனி அப்படியேதான் இருந்தது, ஆனால் ஊடே பார்க்கும்படி வெளுத்திருந்தது. அவள் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தமும் தணிந்தது. அப்போதுதான் பஸ்ஸின் பின்னாலிருந்து "அட சாமீ!" என்று டிரைவரின் குரல் கேட்டது. ஓடினோம். பின்சக்கரத்துக்கு அப்பால் ஒரு சாண் மண் இருந்தது. அதற்கப்புறம் பள்ளம். "பின்னால உருட்டியிருந்தேன்னா..." என்றபடி டிரைவர் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்தார்.

"தம்பி, எல்லாரும் இருக்கறமான்னு ஒருக்கா எண்ணிச் சொல்லுங்க" என்றார் வெற்றிலை வியாபாரி. எண்ணினேன். இருபத்தாறு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் காற்று வீசிப் பனி விலகிய பிறகுதான் உலையை மூட்டி மேலே போய்ச் சேர்ந்தோம்.

இப்போது மார்கழி விடியற்காலையில் எங்கள் தெருவில் குப்பையைக் கொளுத்துகிறார்கள். நான் ஈரச் சாக்கோடு போய் நிற்கிறேன். கிழவருக்கு வேறு வேலை இல்லை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மலையில் இருபத்து நான்கு பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்த காற்றைத்தான் அவள் அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் என் பக்கத்தில் இருந்து சுவாசித்தாள் என்ற கணக்கு எனக்கு மட்டும்தானே தெரியும்.