ரேகைக்குக் கீழே ஒரு கையொப்பம்

என் தாய்க்கு மூன்றாவதாக நானும் பெண்ணாகவே பிறந்தேன். இனிப் பெண் குழந்தை வேண்டாம் என்று குலதெய்வத்திற்கு விடுத்த விண்ணப்பமே எனக்குப் பெயராக இடப்பட்டது. அடுத்துத் தம்பி பிறந்ததும், பெயர் பலித்துவிட்டது என்று ஊரார் மகிழ்ந்தனர். அவர்களுடைய அந்த மகிழ்ச்சியைச் சுமந்துகொண்டு அறுபத்து நான்கு வயது வரை வாழ்ந்தேன்.

பள்ளிக்கு அனுப்பப்படாத நான், கடலை மடித்துவந்த செய்தித்தாள்களிலும் என் பிள்ளைகளின் பழைய பாடநூல்களிலும் எழுத்தைக் கற்றேன். ஆயினும் எந்த அலுவலகத்திலும் கையொப்பம் இட்டதில்லை. இட்டால் அந்தப் பெயரையல்லவா எழுத வேண்டும்? இடக்கைப் பெருவிரலை மையில் அழுத்திவிட்டு வந்துவிடுவேன். மகளிர் குழுக் கூட்டத்தில் என் கணவரின் தமையன் மனைவி, “பேப்பர வரி விடாமப் படிக்கிறவ, பேரெழுதச் சொன்னா வெரல நீட்டுறா” என்று கேலி பேசுவார். அது குத்தியது. இருந்தும் நான் பேனாவைத் தொடவில்லை.

சென்ற ஆண்டு எனக்கு நானே ஒரு பெயரைத் தேர்ந்து, அதை அரசிதழில் பதிவு செய்யப் புறப்பட்டேன். குளத்தூர் வட்ட அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் தட்டச்சர் படிவத்தை நிரப்பி என் முன் வைத்தார். அடியில் இரண்டு கட்டங்கள். மேற்கட்டம் பழைய பெயருக்கு, கீழ்க்கட்டம் புதிய பெயருக்கு. மேலே ரேகை வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டேன்.

“வெளையாடுறீங்களா ஆத்தா? மேல கைநாட்டு, கீழ கையெழுத்தா? ரெண்டு ஆளு போட்ட மாதிரில்ல இருக்கு! எழுதத் தெரியும்னா வேற பாரத்துல ரெண்டுலயும் எழுதுங்க. இல்லாட்டி கீழயும் வெரல வைங்க.”

பழைய பெயரை ஒருமுறை எழுத வேண்டும். அல்லது புதிய பெயருக்கும் மையைப் பூச வேண்டும். இரண்டுக்கும் என் மனம் இசையவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிவத்தின் அடியில் பொடியெழுத்தில் இருந்த குறிப்பை உரக்கப் படித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இடலாம் என்றிருந்தது.

“ஒவ்வொரு கட்டத்துலயும்னுதான தம்பி போட்டுருக்கு? மேல இருக்கது அவுக வச்ச பேரு. கீழ இருக்கது நான் வச்சது.”

அவர் படிவத்தை வாங்கித் தாமும் படித்தார். “இத்தன வருசத்துல நானே இதப் படிச்சதில்ல ஆத்தா” என்று பேனாவை நீட்டினார். பல மாதங்களாக நாட்காட்டித் தாள்களின் பின்புறம் எழுதிப் பழகிய பெயரைக் கீழ்க்கட்டத்தில் எழுதினேன்.

சான்றொப்பமிட வேண்டிய அதிகாரி அம்மையார் ரேகையையும் ஒப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் நீங்கதானாம்மா?”

“ஆமாங்க. மேல இருக்கது இன்னையோட சரி.”

அவர் சிரித்துக்கொண்டே பச்சை மையில் ஒப்பமிட்டார்.

அரசிதழ் கைக்கு வந்தபின் கூடிய குழுக் கூட்டத்தில், அதே உறவினர் வழக்கம்போல் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அதை மூடி அவர் மடியருகே வைத்துவிட்டு, பதிவேட்டில் என் பெயரை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“நல்லாத்தான்டி இருக்கு. இனிமே இதச் சொல்லித்தான் கூப்புடணுமாக்கும்?”

“கூப்புட்டாத்தான் திரும்புவேன்.”

கூட்டம் முடிவதற்குள் இருமுறை கூப்பிட்டார். இருமுறையும் திரும்பினேன்.