பள்ளிப் பேருந்தில் நின்றவர்

ஜெர்மனியில் நானும் அண்ணனும் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கொன்ராட் ஸைட்லர். லிண்டன்ராய்ட் என்ற அந்தச் சிற்றூருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மேயராக இருந்தவர். சாக்கடை, தார்ச்சாலை, இரண்டு வகுப்பறைகள் கொண்ட பள்ளிக்கூடம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை.

1972இல் சிற்றூர்களைப் பக்கத்து நகராட்சிகளோடு இணைக்கத் தொடங்கினார்கள். ஊர் மன்றத்தில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. மேயரின் வாக்கு இணைப்பின் பக்கம் விழுந்தது. பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கும் என்று எல்லோர் முன்னாலும் உறுதி சொன்னார். நகராட்சி தனக்குச் சொன்னதை அவர் நம்பியிருந்தார். மேயர் பதவி போய், நகராட்சியில் பள்ளித்துறை அதிகாரி பதவி வந்தது. இரண்டு வருடத்தில் அதே பள்ளியை மூடும் உத்தரவு அவர் மேசைக்கே வந்தது. கையெழுத்துப் போட்டார்.

நான் அப்போது அங்கே இல்லை. இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் என்று தரைவழியே சுற்றி, சொந்த ஊரான மதுரையிலும் கால் தரிக்காமல், 1975 இலையுதிர்காலத்தில் திரும்பினேன். வாசலில் அவருடைய காரைக் காணவில்லை. விற்றுவிட்டாராம். பிள்ளைகள் நகரத்துப் பள்ளிக்குப் போகும் பேருந்தில்தான் அலுவலகம் போகிறாராம்.

"பெட்ரோல் மிச்சமா அண்ணா?" என்று கேட்டேன்.

எர்லாங்கனுக்கு வேலைக்குக் கிளம்பச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சந்திரமௌலி அண்ணன், "கில்ட்டி கான்ஷியன்ஸ். நீ எதுவும் கேட்டு வைக்காதே" என்றான்.

நகர நூலகத்தில் வேலை கிடைத்ததும் நானும் அதே பேருந்தில் போனேன். முதல் நாள் ஸைட்லர் ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்தார். ரொட்டிக்கடை ஹெட்விக், மடியில் தூங்கிய மகளைக் காட்டினாள்.

"மேயரே, சீட்டு பிள்ளைங்களுக்கு. நம்ம பள்ளிக்கூடம் இருந்திருந்தா இவ இன்னும் படுக்கையில இருப்பா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து கம்பியைப் பிடித்தார். அன்றிலிருந்து நின்றுகொண்டே வந்தார். திருப்பங்களில் கைப்பை கால்களுக்கிடையே சாய்ந்து விழும். யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். நானும்தான்.

ஒருமுறை மாடிப்படியில் அவராகவே சொன்னார்: "ராஜினாமா செஞ்சிருக்கலாம். பென்ஷனை நினைச்சேன்."

1978இல் அவர் ஓய்வுபெற்ற நாள். ஹெட்விக் தன் பக்கத்து இருக்கையிலிருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்காவது உட்காருங்க, ஸைட்லர்."

அவர் அந்த இருக்கையைப் பார்த்தார்.

"அடுத்த ஸ்டாப்புல பிள்ளைங்க ஏறுவாங்க" என்றார். கம்பியை விடவில்லை.