ஏறுற வண்டிக்கு வழி

நாங்கள் படித்துக்கொண்டிருந்த நாவலுக்கு அட்டை கிடையாது. முன்பக்கங்களும் கிடையாது. யாரோ யாரிடமோ "உப்பு போதுமா?" என்று கேட்கும் இடத்தில்தான் எங்களுக்கு அது தொடங்கியது. எழுதியவர் பெயர் தெரியாது, தலைப்பும் தெரியாது. நாமக்கல்லில் ஒரு பழைய புத்தகக் கடையில் கட்டுக்கு அடியில் கிடந்ததை நான்தான் எடுத்து வந்தேன். ஒரே பிரதி, இரண்டு பேர். ஒரு வாரம் அவரிடம், ஒரு வாரம் என்னிடம்.

அவர் எங்கள் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடிவாரத்தில், காரவள்ளியில் வீடு. நான் மேலே. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, வசனமா கவிதையா என்று எனக்கே பிடிபடாத சில பக்கங்கள். அவர் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இறங்கிய என்னை ஒருநாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பஸ் நின்றதும் திரும்பி, "ஏனுங்க, இந்த வளைவுல சும்மா உக்காந்து வந்தாலே வாந்தி வருது. உங்களுக்குப் படிச்சும் வரலீன்னா, அப்படி என்னங்க புஸ்தகம் அது?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எந்தப் புத்தகமானாலும் அவர் கருத்துச் சொல்லும் விதமே தனி. "முப்பது பக்கமா செகண்ட் கியர்லயே போறானுங்க. இஞ்சின் சூடாயிருச்சு." "இந்த அம்மா நல்லா எழுதுதுங்க, ஆனா வளைவுல ஹாரன் அடிச்சுக் காட்டிக் குடுத்துருது. தாத்தன் சாவப்போறான்னு அவன் இருமறப்பவே தெரிஞ்சுபோச்சு." நான் எழுதியதை ஒருமுறை கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுச் சொன்னார்: "கவிஞரே, கோவிச்சுக்காதீங்க. இஞ்சினை ஓட விட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க. உள்ள உக்காந்திருக்கறவன் எத்தனை நேரந்தான் சன்னலப் பாப்பான்?"

அன்றிலிருந்து நான் அவருக்குக் கவிஞர். வைதாலும் கவிஞர்தான்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். முக்கி முனகி ஏறிக்கொண்டிருப்பவனை நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பாடு. அதையே அவர் புத்தகத்துக்கும் வைத்தார். யார் முன்னால் படித்தாலும் அத்தியாயம் முடிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிறவர் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை அடுத்த பக்கத்தைப் புரட்டக் கூடாது, நடந்ததைச் சொல்லவும் கூடாது. அவர் அடையாளத்துக்குப் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை வைப்பார். நான் மிளகை உருவிய பிறகு மிஞ்சும் காய்ந்த காம்பை வைப்பேன். டிக்கெட்டும் காம்பும் ஒரே பக்கத்தில் சேர்ந்த பிறகுதான் பேச்சு. படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. "எறங்கின பொறவு பஸ்ஸப் பத்தி என்னங்க பேச்சு?"

அந்த அட்டையில்லாத நாவலில் உப்பளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பம். தம்பிகளை வளர்த்து ஆளாக்கிய அக்கா, ஒரு சொல் பொறுக்காமல், டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வந்து நிற்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது. நாங்கள் இருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அவர் அன்று தொடையில் தட்டிக்கொண்டு பேசினார்.

"போகக் கூடாதுங்க அவ. போனா அந்த ஊடு ஊடா இருக்குமா?"

"போகட்டும்ங்க. அவ இருக்கறதாலதான் தம்பிகளுக்கு அவ அருமை தெரியலை."

"நீங்க பேசுவீங்க. ஒத்தையில ஒரு பொம்பள டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டு எந்த பஸ்ஸுக்குங்க நிப்பா?"

அடுத்த ஞாயிறு போனேன். புத்தகம் அந்த வாரம் அவரிடம் இருந்தது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள், தொடையில் தட்டிக்கொண்டு, "போகக் கூடாதுங்க அவ" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிக்கெட் அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

நான் கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தார். "தம்பி, போன வாரம் பால் வாங்கப் போனவரு புளியஞ்சோலைக்குப் போற வழிய யாருகிட்டயோ கேட்டுட்டு நின்னிருக்காரு. நாப்பது வருசம் வண்டி ஓட்டின மனுசன். சேலத்துல டாக்டரு மறதின்னுட்டாருங்க. இனிக் கொறையாதாம்." முந்தானையால் கைப்பிடிச்சுவரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதில் தூசு இல்லை.

அதற்குப் பிறகு நான் புத்தகத்தை மேலே எடுத்துப் போகவில்லை. அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். அவர் பின்னால் போய்விட்டது அவருக்குத் தெரிந்து அவமானப்படக் கூடாதே என்று, என் காம்பையும் பின்னால் நகர்த்தி, அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், அவர் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நானும் இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல. அதை அன்பு என்று நினைத்தேன்.

ஞாயிறு ஞாயிறாக நாங்கள் அதே அத்தியாயத்தைப் பேசினோம். போகக் கூடாது என்றார். ஒரு வாரம், போகட்டும் என்றார். ஒரு வாரம் பெட்டிக்குள் என்ன வைத்திருப்பாள் என்பதிலேயே நேரம் போனது. மாற்றுப் புடவை, ஒரு கும்பா, தம்பிகளின் சின்ன வயதுச் சட்டை ஒன்று இருக்கும் என்றார். ஒரு வாரம் கண் கலங்கினார். ஒவ்வொரு வாரமும் அவளை அவர் புதிதாகப் பார்த்தார். நானும் அவர் வழியாகப் பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு வெட்கங்கெட்ட ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. ஒரே வாசலில் இத்தனை நாள் நிற்க யாருக்கு வாய்க்கும்? ஆனால் பஸ் ஏறியதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் ஊர் சன்னலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறி மாறி, சின்னதாகிக்கொண்டே வரும்.

மழை பிடித்த ஒரு ஞாயிறு. அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம். நான் குடையை மடக்கியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க, நனஞ்சுட்டீங்களே. பஸ்ஸுக்குங்களா? இன்னும் நேரமிருக்குது, உக்காருங்க சாமி."

கவிஞரே என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. உட்கார்ந்தேன். கதவருகே வந்த அவர் மனைவி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போய் டீ வைத்தார்.

"என்னங்க படிக்கறீங்க?" என்றேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது.

"கதைங்க. ஒரு அக்கா பொட்டியத் தூக்கிட்டு வாசல்ல நிக்கறா."

"போயிடறாளா?"

"அது தெரியாதுங்க. அடுத்த பக்கத்துல இருக்கும்." புத்தகத்தைத் தடவினார். "புரட்டக் கூடாதுங்க. என்கூட ஒருத்தரு இதப் படிக்கறாரு. மலமேல இருக்காரு, மொளகுக்காரரு. அவரு இன்னும் வந்து சேரலைங்க. பாருங்க, அவரு காம்பு இங்கயே கெடக்குது."

அத்தியாயத்தின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். அவருடைய டிக்கெட் கடைசிப் பக்கத்தில் இருந்தது, அந்த வாசலில்.

"ரொம்ப நாளாங்க?"

"ரொம்ப நாளாங்க. நானும் சலிச்சுப்போயித் திருப்பித் திருப்பி இதையே படிச்சுட்டுக் கெடக்கறேன். பாவம், ஏறுற வண்டி. நாம நின்னுதானே ஆவணும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, என் பக்கம் சாய்ந்து, "எழுதவும் செய்வாருங்க. ஒண்ணும் வெளங்காது. ஆனா அவருகிட்டப் பேசினாத்தான் எனக்குப் படிச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஞாயிறு அவருக்குத் துணையாக நின்றுகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்! அவர் அந்த வாசலில் எனக்காக நின்றிருக்கிறார். வியாதி ஒரு பக்கம் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு வந்தது. விதியை அழிக்கவில்லை. என் முகத்தை எடுத்துக்கொண்டது. என் காம்பை விட்டுவைத்தது.

"கொஞ்சம் பாக்கலாங்களா?"

புத்தகத்தைக் கொடுத்தார். டீ வாங்க அவர் உள்பக்கம் திரும்பிய நேரத்தில் காம்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தில், டிக்கெட்டின் மேல் வைத்தேன். திருப்பிக் கொடுத்தேன். விரித்தவரின் விரல் காம்பின் மேல் நின்றது.

"அட!" என்றார். "வந்துட்டாருங்க! எப்ப வந்தாரு? கண்ணு, இங்க வந்து பாரு, கவிஞரு வந்துட்டாரு!"

அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "ஆமாங்க, வந்துட்டாருங்க" என்றார். வெளியே வரவில்லை.

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். உதடுகள் அசைந்தன. டீயில் ஆடை படிந்தது. ஓரிடத்தில் ஆட்காட்டி விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். ஓரிடத்தில் சிரித்தார், பஸ் ஓட்டிய காலத்துச் சிரிப்பு. அப்புறம் தோள்துண்டை எடுத்து இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டார். இப்படி ஓர் அத்தியாயம் முழுக்க நான் அவரைப் படித்தேன். முடித்ததும் டிக்கெட்டை அங்கே வைத்து மூடினார்.

தாங்காமல் கேட்டேன். "என்னங்க ஆச்சு? அந்தக்கா போயிட்டாளா?"

என்னைப் பார்த்தார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது தெரிந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. இத அவருகிட்டத்தானுங்க சொல்லோணும்."

காரவள்ளி முனையில் பஸ் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் கால் தானாக எழுந்து தரையில் அழுந்தியது. "கெளம்புங்க, விட்டுட்டுப் போயிருவான். மேலதானுங்களே போறீங்க?"

"ஆமாங்க."

"அவரப் பாத்தீங்கன்னா, நான் நிக்கறேன்னு சொல்லுங்க. மெதுவா வரட்டும், அவசரமில்லைன்னு சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றேன்.