என் மருமகளின் மெட்டியை வெட்டியது நான்தான்

ஓடிப்போனாளா? யார் ஓடியது? ஓடுகிறவள் தெருவே வாசல் தெளிக்கிற நேரத்தில், கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரிடம் சொல்லிக்கொண்டா ஓடுவாள்? எதிர்வீட்டுப் பாஞ்சாலியிடம் இதைத்தான் கேட்டேன். அவள் பால் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு விசாரிக்க வந்திருந்தாள்.

"செங்கல்பட்டுல எவனோ காத்துக்கினு இருந்தானாமே பெரிம்மா?"

"எவனோ இல்லடி. அவகூடப் பொறந்த தம்பி தினேஷ்குமார். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ வந்தான்."

"அப்ப மெட்டிய எதுக்கு அறுத்துப் போட்டா? புருஷன் குத்துக்கல்லாட்டம் கீறான்."

"அவ அறுக்கல. நான் அறுத்தேன். போயி இதையும் சேத்துச் சொல்லு."

பாஞ்சாலி வாயைப் பிளந்து நின்றாள். இடுப்புக் கேன் சாய்ந்து பால் அவள் புடவையிலேயே வழிந்தது. நான் சொல்லவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய் இருக்கிறது. ஒன்று விடாமல் சொல்கிறேன்.

கல்பனா மாகறல் பெண். பதினெட்டு வருஷத்துக்கு முன் என் மகன் வேதகிரியைக் கட்டிக்கொண்டு இந்தச் சாலவாக்கத்துக்கு வந்தாள். அன்று அவள் போட்டு வந்த வளையல் இன்று என் பேத்தி இளவரசியின் கைக்குச் சரியாக இருக்கிறது. அத்தனை சின்னக் கை. வேதகிரி குட்டியானை வண்டி ஓட்டுகிறான். நெல் மூட்டை, செங்கல், பந்தல் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவான். வண்டி நிற்கிற நாளிலும் எங்கள் அடுப்பு எரிகிறதென்றால் அது கல்பனா வளர்க்கிற நான்கு மாடுகளால்.

அவளுடைய உடம்பு மாற ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொடியில் தொங்குகிற சுரைக்காய் பெருப்பதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தால் தெரியுமா? முதலில் வளையல் ஏறவில்லை. திருவிழாக் கடையில் வளையல்காரனிடம் நான்தான் சண்டைக்குப் போனேன். "அளவக் கொறச்சிட்டு அதே நம்பர் போட்டு விக்கிறியா?" என்று கத்தினேன். பாவம், அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். பிறகு செருப்பு. ஆறாம் நம்பர் போட்டவள் எட்டுக்குப் போனாள், அதற்கப்புறம் வேதகிரியின் பழைய செருப்பு. உயரம் ஒரு விரற்கடை கூடவில்லை. ஆனால் தாடை முன்னால் வந்தது, மூக்கு பரந்தது, பல்லுக்குப் பல் இடைவெளி விட்டது. குரலும் தடித்துப்போனது. பால் சொசைட்டிக்காரர் போனில், "சொல்லுங்க வேதகிரி" என்பார். அவளும் திருத்தமாட்டாள், "ம்" என்பாள். தலைவலி வந்தால் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பால் கறப்பாள்.

தெரு சும்மா இருக்குமா? "காத்து கருப்பு அடிச்சிடுச்சி" என்றார்கள். "ஆம்பளையா மாறிக்கினு வரா" என்றார்கள். வேதகிரி அவள் விடுகிற குறட்டையைக் காரணம் சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டான். இளவரசி பன்னிரண்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பெற்றவர்களை வரச்சொன்ன அன்று, "அம்மா வேணாம், ஆயா நீ வா" என்றாள். கல்பனா இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். பழைய புடவைக்கு மாறிக்கொண்டு புல் அறுக்கப் போனாள். அன்று மாடுகளுக்கு இரண்டு கட்டு புல் அதிகம்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கால்விரலும் தடித்து, மெட்டி சதைக்குள் புதைந்து சீழ் வைத்தது. "அத்தே, வெட்டிடலாமா?" என்று கேட்டாள். "எம்புள்ள உசிரோட கீறான்டி!" என்று பாய்ந்தேன். ஒரு வருஷம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியே அவளை நடக்கவைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் உத்திரமேரூரில் கண் முகாம். புரை என்னுடைய கண்ணில். கூட வந்தவள் அவள். அந்த டாக்டரம்மா என் கண்ணில் லைட் அடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

"கையக் காட்டும்மா."

நீட்டினாள். டாக்டரம்மா தன் கையை அதன்மேல் வைத்தாள். குழந்தைக் கை மாதிரி டாக்டரம்மாவின் கை உள்ளே காணாமல் போனது.

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

பையில் ஓட்டு அட்டை இருந்தது. அதை வாங்கி கல்பனாவின் கன்னத்துப் பக்கத்தில் வைத்து, அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பக்கத்துல வண்டி வந்தா தெரியுதா?"

கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள். "நேராப் பாத்தா தெரிது டாக்டர். ரெண்டு பக்கமும்தான் இருட்டிக்கினு கீது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காயத்தோடு நிற்கும்போதெல்லாம் மாடு உதைத்துவிட்டது, கதவு இடித்துவிட்டது என்று அவள் சொன்னது இதனால்தானா!

மூளைக்கு அடியில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி இருக்கும், அதுதான் உடம்பை வளரச்சொல்லி விரட்டுகிறது என்றாள் டாக்டரம்மா. மூக்கு வழியாகவே எடுத்துவிடலாமாம். விட்டால் கண் போய்விடுமாம். அந்த வியாதிக்கு ஒரு பெயர் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் இதற்கு முன்னாலும் யாருக்கோ வந்திருக்கிறது! காத்தும் இல்லை, கருப்பும் இல்லை! திரும்பும்போது டவுன் பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டு, "எம்மருமவளுக்கு வியாதிப்பா, வெறும் வியாதிதான்!" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என்னையே பார்த்தார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அதேதான் என்றார்கள். புதன்கிழமை ஸ்கேன், அப்படியே சேர்த்துக்கொள்வோம், உடம்பில் நகை என்று ஒரு பொட்டு இருக்கக்கூடாது என்றார்கள். தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம். மூக்குத்தி எண்ணெய் விட்டதும் வந்துவிட்டது. மெட்டி?

"நான் செத்தப்பறம் வெட்டிக்கச் சொல்லு" என்றான் வேதகிரி. கோபமாகத்தான் சொன்னான். ஆனால் முகம் வெளுத்திருந்தது. தினமும் ரோட்டில் ஓடுகிறவன், பயம். உத்திரமேரூர் நகைப் பத்தர், "வூட்டுக்காரர் வந்து சொல்லட்டும்மா" என்று இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். கல்பனாவும் பின்வாங்கினாள்.

"வேணாம் அத்தே. பாப்பாவுக்குப் பரீட்ச வருது. மாட்ட யாரு பாத்துக்கறது? நேராப் பாத்தா தெரிதில்ல, அது போதும்."

அது போதுமாம்! செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேதகிரி வீட்டில் வைத்திருக்கிற சாமான் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். வெயிலுக்குத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம், தெருக்குழாய் மேடையில் அவளை உட்காரவைத்துக் காலைக் கழுவினேன். என் கண்ணுக்கு விரல் எது வெள்ளி எது என்று தெரியவில்லை. பிளேயரை அழுத்தாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். என் பிள்ளை, ஒரே பிள்ளை.

"உனுக்குக் கண்ணு தெரியாது ஆயா, இரு." அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்த இளவரசிதான். அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிளேயர் வாயைச் சரியான இடத்தில் பொருத்திக் கொடுத்தாள். "அழுத்து."

அழுத்தினேன். டக். அடுத்த காலிலும் டக். அவ்வளவுதான் சத்தம். மெட்டி இருந்த இடம் வெந்த சோறு மாதிரி வெளுத்திருந்தது. கல்பனா விரலை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அத்தே, அவருக்கு ஒரு போன் போடு."

எனக்கும் அதேதான் மனசில். இளவரசி நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"நைனா, எங்க கீற?"

"மானாம்பதியில லோடு எறக்கிக்கினு கீறேன். இன்னா?"

"நல்லா கீறியா?"

"கீறேனே! இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். நாங்கள் மூன்று பேரும் குழாயடியில் உட்கார்ந்து சிரித்தோம் பாருங்கள், தெரு ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன.

சாயங்காலத்துக்குள் யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். "யம்மா, நான் இன்னும் உசிரோட கீறேன்!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தான்.

"அதத்தான் நானும் சொல்றேன். மத்தியானம் வெட்டுனேன், இப்ப பொழுது சாஞ்சிடுச்சி. கீற இல்ல? ஒக்காந்து சோறு துன்னு."

நின்றான். தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு உட்கார்ந்து தின்றான்.

புதன்கிழமை காலை நான்கு மாடுகளையும் கறந்து வைத்துவிட்டுத்தான் கல்பனா குளித்தாள். "செவலைக்கு எடப்பக்கமா போவாத அத்தே, ஒதைக்கும்" என்றாள். வாசலில் வார் அறுந்த அந்தப் பழைய செருப்பில் காலை நுழைக்கப் போனாள். வேதகிரி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. "அது அறுந்து கீது. புதுசப் போட்டுக்கினு போ" என்று மட்டும் சொன்னான். போன வாரம் தனக்கென்று வாங்கிய ஜோடி. கச்சிதமாக இருந்தது அவளுக்கு.

இளவரசி யூனிபார்மோடு வந்து கட்டைப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். காலை ஸ்பெஷல் கிளாசுக்காக பஸ் ஸ்டாப்பில் அவள் வகுப்புப் பெண்கள் எல்லாரும் நிற்கிற நேரம் அது. தெரிந்துதான் பிடித்தாள்.

தெருவின் இரண்டு பக்கமும் விளக்குமாற்றோடு நின்றார்கள், பாஞ்சாலி உட்பட. கல்பனாவுக்குப் பக்கவாட்டில் கண் தெரியாது. ஒருத்தியையும் அவள் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, பெரிய பெரிய அடியாக எடுத்து வைத்து, வாசலை விட்டு நடந்து போனாள்.