துர்காதேவியின் மஞ்சள் முந்தானை

ஞானப்பூ அக்காவுக்குத் துணியைக் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. திருச்சுழியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. வாசலை ஒட்டித் தையல் மெஷின், அதன் காலடியில் பழந்துணி மூட்டைகள். கிழிந்த சேலையோ சாயம் போன சுடிதாரோ, எது வந்தாலும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பாள். நைந்த இடத்தைத் தள்ளிவிட்டு, நல்ல இடத்தை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, குழாயாகத் தைத்து, ஊக்கில் எலாஸ்டிக்கைக் கோத்து உள்ளே விட்டு முடிச்சுப் போட்டால் சுருக்கம் சுருக்கமாக ஒரு ஹேர்பேண்ட் வந்துவிடும். கடையில் வாங்குவது போல முடியைப் பிடுங்காது என்பாள் என் மகள் தங்கச்செல்வி.

இப்போதெல்லாம் பழந்துணி கொண்டு போனால், "வீட்டுப் பிள்ளைககிட்டக் கேட்டுட்டீகளா?" என்று கேட்காமல் அக்கா கத்திரிக்கோலைத் தொடுவதில்லை. அவளை அப்படிக் கேட்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

போன தை மாதம் எங்கள் தெரு ராஜபாண்டியின் மனைவி துர்காதேவி காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். முப்பத்தாறு வயது. ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள் ப்ரியா. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் செத்தவர் துணி வீட்டில் தங்கக் கூடாது என்பது எங்களில் வழக்கம். ப்ரியா அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். மாம்பழ மஞ்சளில் அரக்குப் பூப் போட்ட பூனம் சேலையை மட்டும் தனக்கென்று வைத்துவிட வேண்டும். அந்த முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டுதான் சின்னதிலிருந்து அவள் தூங்குவாள்.

ராஜபாண்டி சரியென்று தலையாட்டினார். பிறகு அண்ணன்மார் சத்தம் போட்டதும், மகளை நரிக்குடியில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லாத் துணியையும் மூட்டை கட்டி ஞானப்பூ அக்காவிடம் கொண்டுவந்தார். அக்கா வீடு வேதக்காரர் வீடு, கிறிஸ்தவர்கள் இதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று நினைப்பு.

"வீட்டுல வைக்கக் கூடாதுங்கிறாக. நீங்க ஏதாச்சும் பண்ணிக்கிருங்கக்கா" என்றார். மகள் கேட்டதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அக்கா, இறந்துபோன தன் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் எங்கள் வழக்கம் தெரிந்தவள் என்பதால் சேலையாக யாருக்கும் கொடுக்கவில்லை. வெட்டிவிட்டால் அது சேலை இல்லையே என்று நினைத்தாள். அங்கேதான் பிசகியது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பன்னிரண்டு பிள்ளைகள் ஆட, ஒரே நிறத்தில் ஹேர்பேண்ட் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். அந்த மஞ்சள் சேலையில் உடல்பகுதி இழை இழையாகப் போயிருந்தது. அது மெஷின் எண்ணெய் துடைக்கப் போயிற்று. முந்தானை மட்டும் திடமாக இருந்தது. கச்சிதமாகப் பன்னிரண்டு தேறியது.

அந்த வாரம்தான் ப்ரியா நரிக்குடியிலிருந்து திரும்பியிருந்தாள். துக்க வீட்டுப் பிள்ளை என்று ஆட்டத்தில் சேர்க்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவள், பாட்டு நடக்கும்போதே எழுந்து மேடையேறி, தங்கச்செல்வியின் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எங்கம்மா சேலை."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது போதாதா? செத்தவள் துணி கன்னிப்பிள்ளை தலையிலா என்று பதறிப்போய் ஏறினோம். என் பிள்ளை தலையிலிருந்து நான் பிடுங்கிய வேகத்தில் கொத்து முடியும் சேர்ந்து வந்தது. மற்றவர்கள் பிடுங்கியதைச் சுவருக்கு அப்பால் சீமைக்கருவேல முள்ளுக்குள் எறிந்தார்கள். நான் அதோடு விட்டேனா? வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்து, அதில் காய்ந்த தண்ணீரிலேயே பிள்ளையைத் தலைமுழுக வைத்தேன். மேடையில் ப்ரியா நின்றுகொண்டிருந்ததை நாங்கள் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், தைக்கக் கொடுத்த துணிகளை ஆளாளுக்கு அக்காவிடமிருந்து திருப்பி வாங்கினார்கள். நானும் போய் என் இரண்டு ரவிக்கைத் துணியை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். அப்போதுதான் ப்ரியா வந்தாள். முழங்கை வரை முள் கீறல். பாவாடையில் ஏந்தி வந்த ஹேர்பேண்ட்களை மெஷின் மேல் கொட்டினாள்.

"அத்தை, இதைப் பிரிச்சுப் பழையபடி முந்தானையாத் தச்சுத் தாங்க."

 அக்கா பிளேடை எடுத்துத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். எலாஸ்டிக்கை உருவி, பட்டைகளை நீவி, பாதிப் பூவோடு பாதிப் பூவைச் சேர்த்து வரிசையாகப் பரப்பினாள். பதினொன்று இருந்தது. நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தது.

"ஒண்ணு கெடைக்கல. நாளைக்கும் முள்ளுக்குள்ள தேடிப் பாக்குறேன்" என்றாள் ப்ரியா.

சொல்லாமல் வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கையை இன்னொரு நாள் முள்ளுக்குள் விட எனக்கு மனது வரவில்லை.

"தேடாதம்மா. அது எங்க வீட்டு அடுப்புல போச்சு" என்றேன்.

ப்ரியா என்னைத் திட்டவில்லை. தரையில் தெரிந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா இரண்டு பக்கத்தையும் நெருக்கி வைத்துத் தைத்தாள். கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேதான் தைத்தாள். நடுவில் இருந்த பூ மட்டும் கடைசி வரை பொருந்தவில்லை.

துண்டு அளவுக்கு வந்த அதை வாங்கி ப்ரியா முகத்தில் போட்டுக்கொண்டாள். நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மடித்தாள்.

"வேற பிள்ளைக தலை எண்ணெய் வாசம்தான் அடிக்குது அத்தை" என்று சொல்லிவிட்டு, அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.